கிட்ட உக்காரப்போறது யாரு?

மாலை ஆறு நாற்பதுக்குக் கடை போன் அடித்தது. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், ஐப்பசி மாதம், வெளியே நல்ல மழை. சிதம்பரம் மேல வீதிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு டிவி ஷோரூமில் அப்போது நான் விற்பனைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்தவர் எங்கள் மேனேஜர் அந்தோணிசாமி சார். ஒரு நிமிஷம் கேட்டவர் ரிசீவரை என் பக்கம் நீட்டினார். கடலூரிலிருந்து எங்கள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா.

"சாந்தி, பயப்படாத. கயலு விழுந்துட்டா. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. இப்ப நின்னுடுச்சு, கண்ணத் தொறந்துட்டா. நீ கெளம்பி வா."

"எங்கக்கா விழுந்தா?"

"டிவிக்கு முன்னாடி."

கயல்விழி எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண். அப்போது ஏழாம் வகுப்பு. என் கணவர் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை ஷிப்டில் இருந்தார். பஸ் பிடித்தால் மழையில் எப்போது போய்ச் சேருவேன் என்று சொல்ல முடியாது. அந்தோணிசாமி சார் டெலிவரி வேனைக் கூப்பிட்டார். ஏற்றி வைத்திருந்த இரண்டு பெட்டிகளைத் தானே இறக்கி ஓரமாக வைத்தார். "ஏறும்மா, பஷீர் பாய் கொண்டுபோய் விடுவாரு" என்றார். வழி முழுக்க பஷீர் பாய் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். கண்ணாடியை ஏற்றியும் ரசாயன ஆலைகளின் மருந்து நெடி உள்ளே வந்தபோது, "சிப்காட் வந்துட்டோம்மா, இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றார். அந்த நெடியை அன்றைக்கு மட்டும்தான் நான் விரும்பி முகர்ந்தேன்.

வீட்டில் கயல் பாயில் படுத்திருந்தாள். அவள் வலது கைக்குள் ஸ்டெல்லா அக்கா வீட்டுச் சாவிக்கொத்து. வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கெட்டியாகப் பிடித்திருந்ததில் சாவியின் பற்கள் உள்ளங்கையில் பதிந்து லேசாக ரத்தம் கசிந்திருந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"படம் ஓடிக்கினே இருந்துச்சும்மா. தட்டுனேன்."

எங்கள் வீட்டு டிவி பழைய செட். படம் நிற்காமல் கீழிருந்து மேலே ஓடும். தலையில் ஒரு தட்டுத் தட்டினால் நிற்கும். ஊர் டிவியை எல்லாம் விற்கிறவள் வீட்டில் அந்த வைத்தியம்தான் நடந்துகொண்டிருந்தது. அன்று அவள் கிட்டப் போய்த் தட்டியிருக்கிறாள், நிற்கவில்லை. முகத்தைத் திரைக்கு நேராக வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி தட்டியிருக்கிறாள்.

கடையில் என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் இப்போது ஆளுக்கொரு ஊரில் மேனேஜர்கள். வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவன் கேட்டான்: "அக்கா, இப்ப விதவிதமா திரை வந்துடுச்சு, கஸ்டமருக்கு எதச் சொல்றதுன்னே புரியல. அந்தக் காலத்துல நீங்க எப்படிச் சொன்னீங்க?" நாங்கள் சொன்னதே இல்லை, கேள்விதான் கேட்டோம். அதை ஒருமுறை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. எழுத உட்கார்ந்தால் கை முதலில் அந்த ஆறு நாற்பதுக்குத்தான் போகிறது. இத்தனை வருஷம் கழித்தும் வீட்டில் மழை நேரத்தில் போன் அடித்தால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன்.

என் படிப்பு எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் போர்டு சால்டரிங் செய்தேன். பிறகு கடலூரில் ரிப்பேர் கடை ஒன்றில் கொஞ்ச காலம். இரண்டாயிரத்து நான்கில் சிதம்பரம் ஷோரூமுக்கு வந்தேன். தொழில் படித்தது அங்கேதான், அந்தோணிசாமி சாரிடம்.

அவர் அதிகம் பேசமாட்டார். வெள்ளைச் சட்டை, காதில் ஒரு பென்சில். கஸ்டமர் முன்னால் என்னை "மேடம்" என்பார், மற்ற நேரம் "ம்மா". எந்தச் செட்டையும் நல்லது என்றோ மட்டம் என்றோ அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. கஸ்டமர் உள்ளே வந்ததும் மற்றக் கடைகளில் விளக்கைக் குறைப்பார்கள், திரை பளிச்சென்று தெரிவதற்காக. இவர் எல்லா டியூப்லைட்டையும் போடச் சொல்வார். "அவுங்க வூட்ல இருட்டுலயா சோறு திங்கறாங்க?" என்பார். கம்பெனிக்காரர்கள் கடைக்கென்று வண்ணத்தைக் கூட்டி வைத்து அனுப்பியிருப்பார்கள். அதை வீட்டு அளவுக்கு இறக்கிவிட்டுத்தான் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு கேள்விகள். கூடம் எவ்வளவு நீளம்? ஜன்னல் எந்தப் பக்கம்? கரண்ட் இறங்கி ஏறுமா? கடைசியாக, எப்போதும் கடைசியாக, ஒரு கேள்வி: "கிட்ட உக்காரப்போறது யாரு?"

பணம் கொடுப்பவர் முகத்தைப் பார்த்து அவர் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கூட வந்தவர்களைப் பார்த்துத்தான் கேட்பார்.

அடுத்து பாய். ஷோரூம் நடுவில் கோரைப்பாயை விரித்து வீட்டில் உட்காருவது போல உட்காரச் சொல்வார். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். எதிர்க்கடைக்காரர்கள் எங்களைப் "பாய்க்கடை" என்றே கூப்பிட்டார்கள்.

அந்தப் பாய் எதற்கு என்று எனக்குப் புரிந்தது ஒரு நெல்லிக்குப்பம் குடும்பத்தால். கரும்புக்காரர்கள். பெண்ணுக்குச் சீர் வாங்க வேன் நிறைய வந்திருந்தார்கள். கல்யாணப் பெண்ணுக்கு எல்சிடி மேல் ஆசை. சுவரில் படம் போல மாட்டலாம், மெல்லிசு. அப்போதுதான் எல்சிடி வர ஆரம்பித்திருந்த நேரம். சார் அதைச் சுவரில் அவர்கள் கேட்ட உயரத்திலேயே மாட்டச் சொன்னார். பாயை விரித்தார்.

"இன்னா சார், பந்தி போடப் போறீங்களா? எலை எங்க?" என்றார் பெண்ணின் மாமா.

"உக்காருங்க, பரிமாறறோம்" என்றார் சார்.

எல்லோரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். டிவி ஓடியது. கொஞ்ச நேரத்தில் மாமாவின் முகம் சுருங்கியது. "ஏம்மா, ஆளு மூஞ்செல்லாம் கருப்பா நீலமா பூடுதே. நின்னா நல்லாத்தான் இருந்துச்சு?" எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி நின்றார். அந்தக் கால எல்சிடி அப்படித்தான். நேராகப் பார்த்தால் படம், கீழே தரையிலிருந்து பார்த்தால் வண்ணம் திரிந்துவிடும். சோபா உள்ள வீட்டுக்காக எவனோ செய்தது. நம் வீட்டில் பாதிப் பேர் தரையில்தான்.

"அப்ப நாங்க நின்னுக்கினுதான் சீரியல் பாக்கணுமா?" என்றாள் பெண்ணின் அத்தை. "ஒரு வாரத்துல சோறு பொங்கவும் காலு இருக்காது."

கடைசியில் அவர்கள் பின்பக்கம் புடைத்த பழைய மாதிரி டியூப் செட்டையே வாங்கிப் போனார்கள். பெரிய வியாபாரம் கை நழுவியதில் எனக்கு வருத்தம். சார் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, "அடுத்த கல்யாணத்துக்கும் இங்கதான் வருவாங்க" என்றார். அப்படியே வந்தார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கயல் விழுந்தாள்.

பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தலையில் ஒயர்களை ஒட்டி, கண்ணுக்கு நேராக ஒரு விளக்கை மின்ன வைத்தார்கள். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. ஒரு வேகம் வந்ததும் டாக்டரம்மா சட்டென்று நிறுத்தச் சொன்னார். காகிதத்தில் கோடுகள் எகிறியிருந்ததை நானும் பார்த்தேன். சில பிள்ளைகளின் மூளைக்குத் துடிக்கிற வெளிச்சம் ஆகாது, கயல் அப்படிப்பட்ட பிள்ளை என்றார். டியூப் டிவி நம் கண்ணுக்கு எரிந்துகொண்டே இருப்பதாகத் தெரிந்தாலும் வினாடிக்கு ஐம்பது முறை அணைந்து எரிகிறது. தூரத்தில் இருந்தால் ஒன்றும் இல்லை, கிட்டப் போனால் வினை.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், கையிலோ வாயிலோ எதையும் கொடுக்கக் கூடாது என்றார். கூட வந்திருந்த ஸ்டெல்லா அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் டாக்டர் சாவியக் குடுத்தேன்" என்றாள். "ஓடிவந்து பக்கத்துல உக்காந்தீங்கல்ல, அது போதும். அடுத்த தடவ சாவி வேணாம்" என்றார் டாக்டரம்மா. பிறகு கயலைப் பக்கத்தில் கூப்பிட்டு, "எங்கயாவது டிவிகிட்டப் போக வேண்டி வந்தா ஒரு கண்ண உள்ளங்கையால மூடிக்கோ. ரெண்டு கண்ணும் பாத்தாத்தான் அது உன்ன ஏமாத்தும்" என்றார். கயல் உடனே மூடிக் காட்டினாள். சாவி பதிந்த அதே கை.

என் கணவர் அன்றைக்கே டிவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "இனிமே இந்த வூட்ல அது வேணாம் சாந்தி." எனக்கும் சம்மதம். ஆனால் வீட்டுக்கு வீடு இலவச டிவி வந்துகொண்டிருந்த காலம் அது. டீக்கடையில் டிவி, சலூனில் டிவி, பஸ்ஸில் டிவி. தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கயலைக் காணோம் என்று தேடினேன். ஸ்டெல்லா அக்கா வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாம் டிவிக்கு முன்னால். இவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஒரு கண்ணை மூடியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கை வலித்ததோ என்னவோ, நடுவில் கையை மாற்றி அடுத்த கண்ணை மூடினாள்.

நான் கூப்பிடவில்லை. வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினேன்.

மறுநாள் கடையில் சாரிடம் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அவர் மத்தியானம் கூட்டம் இல்லாத நேரம் ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார், முன்விளக்கை அணைத்தார். விளக்கை அணைத்து அவர் டிவி காட்டியதை அன்றுதான் பார்த்தேன். டியூப், பிளாஸ்மா, எல்சிடி மூன்றையும் வரிசையாகப் போட்டார். அன்று கடைக்கு வந்திருந்த கம்பெனிப் பிரதிநிதி பிளாஸ்மாவைக் கை காட்டினார். "குழந்தைக்குன்னா இதுதான் மேடம். கண்ணுக்கு மெத்துன்னு இருக்கும். தரையில உக்காந்தாலும் கலர் மாறாது."

அவர் சொன்னதில் பாதி உண்மை. பாயிலிருந்து பார்த்தால் பிளாஸ்மா அழகு. நானே அதைத்தான் மனசில் வைத்திருந்தேன்.

சார் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். டியூப் செட்டுக்கு முன்னால் விசிறி போல வேகமாக ஆட்டினார். ஒரு பென்சில் அஞ்சாறு பென்சிலாகத் தனித்தனியே தெரிந்தது. வெளிச்சம் விட்டு விட்டு வருகிறது, அதனால் பென்சிலும் விட்டு விட்டுத் தெரிகிறது. பிளாஸ்மாவுக்கு முன்னால் ஆட்டினார். அங்கேயும் தனித்தனிப் பென்சில். கம்பெனிக்காரர், "சார், இது வேற டெக்னாலஜி" என்று ஆரம்பித்தார். சார் எல்சிடிக்கு நகர்ந்தார். பென்சில் ஒரே புகையாக, விசிறி மட்டை போலத் தெரிந்தது. ஒரு இடைவெளி இல்லை.

"அணையல" என்றேன்.

"நீ ஆட்டு" என்று பென்சிலை என்னிடம் கொடுத்தார்.

மூன்றுக்கு முன்னாலும் மாறி மாறி ஆட்டினேன். கை ஓயும்வரை ஆட்டினேன். கம்பெனிக்காரர் போய்விட்டார். சார் விளக்கைப் போட்டுவிட்டு, "இது பென்சில்தாம்மா, டாக்டர் இல்ல. அந்தம்மாகிட்டக் கேட்டுட்டு வா" என்றார். டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். எல்சிடி என்றால் பயம் குறைவு, ஆனாலும் தூரமும் அறை வெளிச்சமும் வேண்டும், மாத்திரையை விடக் கூடாது என்றார்.

தரையிலிருந்து பார்த்தால் வண்ணம் திரியுமே, அதற்கு என்ன செய்வது? சாரே ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்துக் கடலூர் வந்தார். கடையில் காட்சிக்கு வைத்திருந்த எல்சிடியை வேனில் ஏற்றி வந்திருந்தார். விலையைப் பற்றி நான் வாயைத் திறந்தபோது, "அத அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல புள்ள எங்க?" என்றார். என் கணவர் சுவரில் ஆணி அடிக்க ஏணியோடு நின்றார்.

"ஏணி வேணாங்க. கயலு, நீ எங்க உக்காருவ?"

அவள் பின்சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்தாள். சார் அவளுக்குப் பக்கத்தில் போய், வெள்ளை வேட்டியோடு தரையில் உட்கார்ந்து, அவள் கண் மட்டத்துக்குக் கையை நீட்டினார். அந்த உயரத்துக்கு ஒரு தாழ்ந்த பெஞ்சைப் போட்டு டிவியை அதன் மேல் வைத்தோம். வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "என்னடி இது, டிவியத் தரையில உக்கார வச்சிருக்கீங்க, அதுக்கும் சோறு போடுவீங்களா?" என்றாள் ஸ்டெல்லா அக்கா. அன்று சாயந்தரம் தன் வீட்டு டிவியை அணைத்துவிட்டுத் தெருப் பிள்ளைகளை எல்லாம் எங்கள் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தவளும் அவள்தான். கயல் நடுவில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நான் அவர்கள் எல்லோருக்கும் கடமைப்பட்டவள்.

ஆனால் படத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. நான் கயலின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இமை துடிக்கிறதா, வாய் கோணுகிறதா என்று. அன்று தொடங்கிய பழக்கம் விடவே இல்லை. வருஷக்கணக்கில் எங்கள் வீட்டில் டிவி ஓடியது, நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. அதன் பிறகு வலிப்பும் வரவில்லை. வரவில்லை என்பதை நம்ப எனக்குத்தான் தைரியம் இல்லை.

கடையில் வேலை மாறிக்கொண்டே போனது. டியூப் செட்டுகள் குறைந்தன. பிளாஸ்மா வாங்கிய சில வீடுகளில் ஒரே சேனலை ஓட்டி ஓட்டி மூலையில் அதன் முத்திரை அழியாத நிழலாகத் தங்கியது. அடுத்து எல்இடி வந்தது. முதல் செட்டைப் பிரித்ததும் நான் பென்சிலைத்தான் எடுத்தேன். வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு ஆட்டினால் பென்சில் மறுபடி தனித்தனியாகத் தெரிந்தது. "சார், இது கயலுக்கு ஆகாது." சார் மறுக்கவில்லை. "அந்தம்மாகிட்டக் கேளு" என்றார். அந்தத் துடிப்பு மிக வேகம், அந்த வேகத்துக்கு மூளை மயங்காது என்றார் டாக்டரம்மா. கேட்டுக்கொண்டேன். வீட்டில் மட்டும் பழைய எல்சிடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்று கடைசியில் வந்த புயலின்போது கயல் முதலில் தூக்கியது அந்த டிவியைத்தான். போர்வையில் சுற்றிக் கட்டிலின் மேல் வைத்து, ஓட்டை விழுந்த கூரைக்குக் கீழே அதன் மேல் குடையும் பிடித்தாள். புயலுக்குப் பிறகு உப்புத் தண்ணீரில் ஊறிய செட்டுகள் கடை வாசலில் குவிந்தன. எங்களுடையது பிழைத்தது.

பன்னிரண்டாம் வருஷம் கயல் சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்தாள். அதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த மின்னும் விளக்குச் சோதனையை மறுபடி செய்தார்கள். கோடுகள் எகிறவில்லை. மாத்திரையை மெல்லக் குறைக்கலாம் என்றார் டாக்டரம்மா. அதே வருஷம் என் முட்டி என்னைக் கைவிட்டது. நாள் முழுக்க நிற்கிற வேலை இனி முடியாது என்று விலகினேன்.

கடைசி நாள் சாயந்தரம் எனக்காகக் கடையில் சின்னதாக ஒரு ஏற்பாடு. என் கணவர் வந்திருந்தார், ஸ்டெல்லா அக்கா பலகாரத்தோடு வந்திருந்தாள். சார் புதிதாக வந்திருந்த பெரிய எல்இடியை வைத்து, அதன் முன்னால் கோரைப்பாயை விரித்திருந்தார். கயல் கல்லூரி விட்டு நேராக வருவதாகச் சொல்லியிருந்தாள். வரவில்லை. போன் எடுக்கவில்லை. வெளியே தூறல் ஆரம்பித்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "மழைக்கு எங்கயாவது ஒதுங்கியிருக்கும், நீ சும்மா இரு சாந்தி" என்று சொன்ன என் கணவரும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிவியப் போடலாமா சார்?" என்றான் கடைப்பிள்ளை ஒருவன்.

"கிட்ட உக்காரப்போறவுங்க வரட்டும்" என்றார் அந்தோணிசாமி சார்.

எல்லோரும் அணைந்த டிவிக்கு முன்னால் காத்திருந்தோம். ஸ்டெல்லா அக்கா பலகாரத் தட்டை இரண்டு முறை மூடித் திறந்தாள்.

கயல் வந்தாள். துப்பட்டா நனைந்திருந்தது. "போன்ல சார்ஜ் பூடுச்சும்மா" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். சார் டிவியைப் போட்டார். அவள் பையை வைத்துவிட்டுப் பாயின் முன் ஓரத்துக்குப் போனாள், யாரும் உட்காராத இடத்துக்கு. நடக்கும்போதே வலது உள்ளங்கை பழக்கமாக ஒரு கண்ணை மூடியது. உட்கார்ந்தாள். கையைக் கண்ணிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. நான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் திரும்பாமலே சொன்னாள்: "என்னப் பாக்காதம்மா. டிவியப் பாரு."